எக்செல்ல நாலு கட்டம் மட்டும் காலி: ஒரு புக்கர் நாவலை எங்க குழு ரெண்டு தடவை படிச்ச அனுபவம்

இது எங்க வாசிப்புக் குழுவுல நடந்தது. குழுவை ஒருங்கிணைக்கிறது நான்தான், அதனால நடந்த தப்புல பெரும்பங்கு என்னோடது, அதை முதல்லயே சொல்லிடறேன். பரிசுப் பட்டியலை வச்சு கூட்டமா படிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு இது உபயோகப்படும்னு நினைக்கிறேன், அதான் ஆரம்பத்துல இருந்து விவரமா எழுதுறேன்.

நாங்க சென்னையில 9 பேர். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அசோக் நகர்ல ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில கூடுவோம், கொரோனா வந்தப்புறம் எல்லாம் ஜூம்தான். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சர், ஈரோடு பக்கத்துல இருந்து வந்து ஐடியில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர், ஒரு குழந்தை டாக்டர், முதுகலை படிக்கிற ஒரு பொண்ணு, இப்படி. அதுல வளசரவாக்கத்துல இருக்கிற அக்கா ஒருத்தங்க. வவுனியாவுல பிறந்தவங்க, 1990ல அம்மாவோட படகுல வந்தவங்க, இப்போ ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறாங்க. எங்க எல்லாரையும் விட அதிகமா படிக்கிறவங்க, எங்க எல்லாரையும் விட குறைவா பேசுறவங்க. இந்த ரெண்டாவது விஷயத்தை நாங்க அவங்க சுபாவம்னே எடுத்துக்கிட்டோம்.

2021 செப்டம்பர் 14 அன்னிக்கு புக்கர் ஷார்ட்லிஸ்ட் வந்துச்சு. புக்கர்னா இங்கிலீஷ் நாவலுக்கு பிரிட்டன்ல வருஷாவருஷம் கொடுக்கிற பரிசு, ஷார்ட்லிஸ்ட்னா அதோட கடைசிச் சுற்றுப் பட்டியல். ஆறு நாவல். முடிவு நவம்பர் 3. நடுவுல கிட்டத்தட்ட ஏழு வாரம், வாரம் ஒண்ணுன்னு ஆறையும் படிச்சு, முடிவு வர்றதுக்கு முன்னாடி நாமளே நடுவர் மாதிரி தீர்ப்பு சொல்லிடலாம்னு ஒரு ஐடியா, அது என்னோட ஐடியாதான், எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கூகுள்ல ஒரு எக்செல் ஷீட் போட்டேன், கதை, நடை, பாத்திரங்கள், மனசுல நிக்குதா, இப்படி நாலு காலம், ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எவ்வளவுன்னு மார்க். புத்தகம் விலை அதிகம்ங்கிறதால சில பேர் கிண்டில், மத்தவங்களுக்கு மூணு பிரதி வாங்கி கூரியர்ல சுத்துக்கு விட்டோம்.

ஓட்டம் பிடிச்ச மாதிரி படிச்சோம். பாட்ரிசியா லாக்வுட் நாவல் சின்னது, முதல் வாரமே முடிஞ்சிடுச்சு. மேகி ஷிப்ஸ்டெட்டோடது அறுநூறு பக்கத்துக்கு மேல, அதை முழுசா முடிச்சது ரெண்டே பேர், ஆனா மார்க் ஆறு பேர் போட்டிருந்தாங்க. அப்பவே நான் நிறுத்தி யோசிச்சிருக்கணும்.

அக்டோபர் 3 டேமன் கால்கட்டோட "தி ப்ராமிஸ்". அன்னிக்கு நடந்த பேச்சு ரொம்ப நல்ல பேச்சு, இந்த விஷயத்துக்கு அது முக்கியம்ங்கிறதால கொஞ்சம் சொல்றேன். தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியா பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பம், 1986ல அம்மா சாகும்போது, தன்னை கூட இருந்து பார்த்துக்கிட்ட கறுப்பின வேலைக்காரப் பெண் சலோமிக்கு அவங்க குடியிருக்கிற வீட்டை எழுதிக் கொடுக்கணும்னு புருஷன்கிட்ட வாக்கு வாங்குறாங்க, அந்த வாக்கு வருஷக்கணக்கா நிறைவேறாமலே போகுது. நாலு பாகம், நாலு சாவு, நடுவுல நாடே மாறிடுது. நாவல் முழுக்க எல்லார் மனசுக்குள்ளயும் புகுந்து புகுந்து வர்ற கதைசொல்லி சலோமி மனசுக்குள்ள மட்டும் போகமாட்டார். கிட்டத்தட்ட கடைசியில, சலோமியோட சொந்த ஊரைப் பத்தி இதுவரைக்கும் சொல்லலைன்னா நீங்க கேட்கலை, தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணலைங்கிற அர்த்தத்துல வாசகனைப் பார்த்தே சொல்லிடுவார். அந்த இடத்தை டீச்சர் சத்தமா படிச்சாங்க, ஜூம்ல கொஞ்ச நேரம் யாருமே பேசலை. நான்கூட அன்னிக்கு டைரியில எழுதி வச்சேன், "நாம கேட்காததாலதான் சில பேர் கதை நமக்குத் தெரியாமப் போகுது"ன்னு. சராசரி 8.4.

ரெண்டு வாரம் கழிச்சு, அக்டோபர் 17, அனுக் அருட்பிரகாசத்தோட "எ பாசேஜ் நார்த்".

படிக்காதவங்களுக்காக: கிரிஷன்னு கொழும்புல அம்மா, அப்பம்மாவோட இருக்கிற இளைஞன். ஒரு சாயங்காலம் ஃபோன் வருது, அப்பம்மாவைப் பார்த்துக்க வடக்குல இருந்து வந்து வீட்டோட இருந்த ராணி, ஊருக்குப் போன இடத்துல கிணத்துல விழுந்து இறந்துட்டாங்கன்னு. யுத்தத்துல ரெண்டு மகன்களையும் பறிகொடுத்தவங்க ராணி, சின்னவன் போனது சண்டை முடியப்போற கடைசி நாட்கள்ல. அதுல மனசு உடைஞ்சு ஆஸ்பத்திரியில மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கிட்டு இருந்தவங்க. கிரிஷன் செத்தவீட்டுக்கு ரயில் ஏறி கிளிநொச்சிப் பக்கம் போறான், சிதை எரியுது. வெளியில நடக்கிறது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவன் நினைக்கிறது, டெல்லியில படிச்சப்போ காதலிச்ச அஞ்சும் பத்தி, 2009ல தூரத்துல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல போர்க்காட்சிகளைப் பார்த்தது பத்தி, முதுமை பத்தி. நேரடி உரையாடல் ஒரு வரி கிடையாது, வாக்கியம் ஒவ்வொண்ணும் அரைப் பக்கம், ஒரு பக்கம்னு போகும்.

அன்னிக்கு நாங்க பேசினதை இப்போ நினைச்சா கஷ்டமா இருக்கு. "ஒண்ணுமே நடக்கலையே"ன்னு ஆரம்பிச்சது டாக்டர். "தீசிஸ் மாதிரி இருக்கு"ன்னு தம்பி. அப்புறம் ராணி தவறி விழுந்தாங்களா தானா குதிச்சாங்களாங்கிற கேள்வி வந்துச்சு, அதுல எல்லாருக்கும் உற்சாகம் வந்து நாப்பது நிமிஷம் துப்பறியும் கதை மாதிரி அலசினோம், ராத்திரி ஏன் கிணத்தடிக்குப் போகணும், இருட்டுல கால் இடறியிருக்குமா, கழுத்து எலும்பு எப்படி உடையும்னு டாக்டர் வேற விளக்கினார். நாவல் அந்தக் கேள்வியை மூடாமலே விட்டிருக்கு. ஏன் விட்டிருக்குன்னு ஒருத்தரும் கேட்கலை. அக்கா கேமராவை அணைச்சு வச்சிருந்தாங்க. நான் கடைசியில "அக்கா, நீங்க ஏதாவது?"ன்னு கேட்டேன், "இல்லை, நேரம் போட்டுது, அடுத்த முறை பார்ப்பம்"னாங்க, நானும் சரின்னு விட்டுட்டு அடுத்த வாரம் யார் லீட் பண்றாங்கன்னு பேச ஆரம்பிச்சிட்டேன்.

சராசரி 5.1. ஆறு புத்தகத்துலயும் கடைசி இடம். நவம்பர் 3 அன்னிக்கு "தி ப்ராமிஸ்" ஜெயிச்சப்போ குழுவுல ஒரே கொண்டாட்டம், நாம சரியா கணிச்சோம்னு.

டிசம்பர்ல ஷீட்டை மூடி வைக்கலாம்னு திறந்தப்போதான் பார்த்தேன். "எ பாசேஜ் நார்த்" வரிசையில அக்கா பேருக்கு நேரே நாலு கட்டமும் காலி. மத்த அஞ்சு புத்தகத்துக்கும் ஒழுங்கா போட்டிருந்தாங்க, கணக்கு பார்க்கிறவங்க, எதையும் விடமாட்டாங்க. ரெண்டு மாசமா அது அங்கேயே இருந்திருக்கு, ஷீட்டை நடத்தின எனக்குக் கண்ணுல படலை.

ஃபோன் பண்ணேன். தயங்கித்தான் பேசினாங்க. அவங்க அனுமதியோட, அவங்க சொன்ன மாதிரியே எழுதுறேன். "நான் அதை ரெண்டு இரவில வாசிச்சு முடிச்சிட்டன். நீங்கள் எல்லாரும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னியள். எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியேல்லை. நான் கதைக்கத் தொடங்கினா நீங்கள் புத்தகத்தை விட்டிட்டு என்னைப் பார்ப்பியள். பேசாம இருந்தா அந்தக் கிணத்துக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேணும். ரெண்டும் ஏலாது."

அவங்க சித்தி 2009ல முள்ளிவாய்க்கால்ல இருந்திருக்காங்க. இது எங்கள்ல யாருக்கும் தெரியாது. மூணு வருஷமா மாசாமாசம் ஒண்ணா உட்கார்ந்திருக்கோம்.

இதுல என்ன தப்பு நடந்துச்சுன்னு நான் நிறைய யோசிச்சேன். "கேட்டிருக்கணும்"ங்கிறது பாதி பதில்தான். அக்காவை கேமராவுக்கு முன்னாடி உட்கார வச்சு, நீங்க சொல்லுங்க, அங்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருந்தா அதுவும் அவங்க பயந்த அதே விஷயம்தான், ஒரு வாசகியா வந்தவங்களை சாட்சியாக்குறது. கோளாறு அதுக்கு முந்தியே, நாங்க படிச்ச விதத்துலயே இருந்துச்சு. புக்கர் நடுவர்கள் அஞ்சு பேர், அந்த வருஷம் அவங்க முன்னாடி வந்தது 158 புத்தகம். ஆனா ஷார்ட்லிஸ்ட் வரைக்கும் வந்த ஆறை அவங்க ஒரு தடவை படிச்சு மார்க் போடுறதில்லை, லாங்லிஸ்ட்ங்கிற முதல் பட்டியலுக்கு ஒரு தடவை, ஷார்ட்லிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க மறுபடி, ஜெயிக்கிறதை முடிவு பண்ண மூணாவது தடவைன்னு திரும்பத் திரும்பப் படிக்கிறாங்க. நாங்க அவங்ககிட்ட இருந்து தேதியையும் தீர்ப்பையும் மட்டும் எடுத்துக்கிட்டோம், மறுவாசிப்பை விட்டுட்டோம். மெதுவா போகணும்னே எழுதப்பட்ட வாக்கியத்தை வாரக் கெடுவுக்குள்ள விழுங்கினா அது தொண்டையில நிக்கத்தான் செய்யும், நாங்க புத்தகத்தைக் குறை சொன்னோம்.

ஜனவரியில குழுவுல விஷயத்தைச் சொன்னேன், அக்கா பத்தி இல்லை, என் தப்பைப் பத்தி மட்டும், இந்த ஒரு புத்தகத்தை முதல்ல இருந்து படிக்கலாமான்னு கேட்டேன். டாக்டர்தான் முதல்ல சரின்னார், அது எனக்கு இன்னிக்கும் மனசுல நிக்குது. பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அஞ்சு அமர்வு, மறுபடி மொட்டை மாடி. மார்க் கிடையாது. வீட்டுல படிச்சிட்டு வந்து கருத்து சொல்றதும் கிடையாது, வர்றவங்க ஆளுக்கு ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், எடுத்துட்டு வந்து சத்தமா வாசிக்கணும், அதைப் பத்தி மட்டும் பேசணும். போர் விவரம் வேணும்னா அவங்கவங்க தேடிப் படிச்சுக்கணும், அக்காகிட்ட கேட்கக்கூடாது. கடைசி விதியை அக்கா இல்லாதப்போ மத்தவங்ககிட்ட தனியா சொன்னேன்.

சத்தமா வாசிக்கிறது இவ்வளவு மாத்தும்னு நான் எதிர்பார்க்கலை. அந்த வாக்கியங்களை மூச்சு விடாம வாசிக்க முடியாது, எங்க மூச்சு விடணும்னு முடிவு பண்ணணும், அப்படி முடிவு பண்ணணும்னா அவன் எண்ணம் எங்க திரும்புதுன்னு புரிஞ்சாகணும். தம்பி முதல் தடவை வாசிச்சப்போ நடுவுல மூணு தடவை நின்னு திரும்ப ஆரம்பிச்சார், நாலாவது தடவை சரியா வந்துச்சு, அப்போ அவர் முகத்தைப் பார்க்கணும். ஒரு அமர்வுல டீச்சர் ஒரு வாக்கியத்தை அங்கேயே தமிழ்ல சொல்லிப் பார்த்தாங்க. நம்ம மொழியில நீள வாக்கியம் சுலபம்னு நினைச்சோம், நடந்து, நின்னு, திரும்பிப் பார்த்துன்னு வினையெச்சத்தைக் கோத்துக்கிட்டே போகலாமே. செயல் வர்ற இடமெல்லாம் அப்படியே வந்துச்சு. ஆனா இந்த நாவல்ல வாக்கியம் நீள்றது செயலால இல்லை, ஒரு பொருளைச் சொல்லிட்டு அதுல இருந்து ஒரு நினைப்பு, அந்த நினைப்புல இருந்து இன்னொண்ணுன்னு பின்னாடி பின்னாடி கிளை விட்டுக்கிட்டே போகும். தமிழ்ல அந்தக் கிளையெல்லாம் பெயருக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துக்குது, இங்கிலீஷ்ல புறப்படுற இடம் தமிழ்ல போய்ச் சேர்ற இடமாயிடுது. ஒண்ணே முக்கால் மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தோட இருந்தோம், ரெண்டு துண்டாக்கினாதான் நிக்குதுன்னு டீச்சர் முடிவுக்கு வந்தாங்க, எனக்கு அதுல முழு சம்மதம் இல்லை.

மூணாவது அமர்வுல பூசலார் வந்தார். கிரிஷன் ஒரு இடத்துல பெரிய புராணத்துல வர்ற பூசலார் கதையை நினைச்சுப் பார்ப்பான். அக்டோபர்ல படிச்சப்போ எங்க ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட அதைப் பத்தி வாயைத் திறக்கலை. இப்போ ரிட்டயர்டு சார் வீட்டுல இருந்து சேக்கிழாரை எடுத்துட்டே வந்துட்டார். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், திருநின்றவூர்ல சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு கையில காசில்லாம மனசுக்குள்ளேயே நாள் பார்த்து, கல் வச்சு, சிகரம் வச்சு, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறிச்சவர். அதே நாள்ல காஞ்சியில பல்லவ ராஜா தான் கல்லுல கட்டின கோயிலுக்கு நாள் குறிச்சிருக்க, சிவன் ராஜா கனவுல போய் நாளைக்கு நான் நின்றவூர் கோயிலுக்குப் போறேன், உன் விழாவைத் தள்ளி வைன்னுட்டார். ராஜா வந்து ஊரெல்லாம் தேடினா கோயிலையே காணோம்.

சார் மூலத்தை ராகமா வாசிச்சார். அப்புறம் பேச்சு சூடு பிடிச்சுது. கிரிஷனும் தூரத்துல இருந்து போர்ப் படங்களைப் பார்த்துப் பார்த்து செத்தவங்களுக்காக மனசுக்குள்ள ஒரு கோயில் மாதிரி கட்டுறான், அதான் பூசலார் இங்க வர்றார்னு சார் சொன்னார். அப்போதான் அக்கா பேசினாங்க, அந்தப் புத்தகத்தைப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசினது அதுதான் முதல் தடவை. "பூசலார் காசில்லாமக் கட்டினவர், அன்பில கட்டினவர். இவர் குற்ற உணர்ச்சியில கட்டுறார். ரெண்டையும் ஒண்டா வைக்கேலாது. ராணி உயிரோட இருக்கேக்க அவர் ராணியோட கதைச்சது கொஞ்சம், செத்தாப் பிறகு நினைக்கிறது கனக்க." கொஞ்ச நேரம் கழிச்சு, "நானும் 2009ல வளசரவாக்கத்தில கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்தனான். அதாலதான் அவரில எனக்குக் கோபம்" அப்படின்னாங்க.

சார் அதை ஒத்துக்கலை, பூசலார் கதையில சிவன் எதுல கட்டினேன்னு பார்க்கலை, கட்டினதைப் பார்த்தார்னார். ரெண்டு பேரும் நல்லா வாக்குவாதம் பண்ணாங்க. என் கருத்து என்னன்னா, அக்கா சொல்ற குறை நாவலுக்கே தெரியும், ராணி மனசுக்குள்ள கிரிஷனால போக முடியலைங்கிறதை மறைக்காமத்தான் எழுதியிருக்கு, அந்தக் கிணத்துக் கேள்வியைத் திறந்து விட்டதும் அதுக்குத்தான், நாம நாப்பது நிமிஷம் பேசி மூடப் பார்த்தது அந்தத் திறப்பைத்தான். சலோமிக்கு "தி ப்ராமிஸ்" செஞ்சதும் இதுக்குப் பக்கத்துல வர்ற ஒண்ணுதான். ஒரே மாசத்துல ரெண்டையும் படிச்சுட்டு, ரெண்டு நாவலும் ஒரே இடத்தைத் தொடுதுன்னு பார்க்காம ஒண்ணுக்கு 8.4, இன்னொண்ணுக்கு 5.1 போட்டிருக்கோம்.

மார்ச் கடைசியில அஞ்சு பேர் திருவள்ளூர் லோக்கல் பிடிச்சு திருநின்றவூர் போனோம், இருதயாலீஸ்வரர் கோயில். மனசுல கட்டினவருக்கு இப்போ கல்லுல கோயில் இருக்கு. அக்கா சன்னதி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. திரும்பி வரும்போது ரயில்ல முதுகலை படிக்கிற பொண்ணுகிட்ட வவுனியா ஸ்டேஷன் எப்படி இருக்கும்னு அவங்களே சொல்லிக்கிட்டு வந்தாங்க, நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே வந்தேன்.

கடைசி அமர்வு செத்தவீட்டுப் பகுதி. அதுக்கு அக்கா ஒரு வாக்கியம் எடுத்துட்டு வந்திருந்தாங்க, வாசிச்சாங்க, வாசிச்சிட்டு அவங்க பக்கத்துல பெண்கள் சுடலைக்குப் போற வழக்கம் இல்லை, படலையோட, அதாவது வீட்டு வாசல் கேட்டோட நின்னுடுவாங்க, அதனால அந்தக் கடைசிப் பக்கங்கள்ல வர்ற இடத்துக்கு அவங்க போனதே இல்லை, இந்தப் புத்தகத்துலதான் முதல்முதலா போனாங்கன்னு சொன்னாங்க. யாரும் எதுவும் கேட்கலை. சார் எழுந்து போய் எல்லாருக்கும் தண்ணி எடுத்துட்டு வந்தார்.

இப்போ நாங்க வருஷத்துக்கு மூணு நாவல்தான் படிக்கிறோம், பட்டியல் வந்தா பட்டியல்ல இருந்து ஒண்ணே ஒண்ணு. 2023ல பெருமாள்முருகனோட "பூக்குழி" அனிருத்தன் வாசுதேவன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல இன்டர்நேஷனல் புக்கர் (இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்த புத்தகங்களுக்கான பரிசு) லாங்லிஸ்ட்டுக்கு வந்துச்சு, அந்தப் பட்டியலுக்கு வந்த முதல் தமிழ் நாவல் அது. பரிசு கிடைச்சா அம்பதாயிரம் பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியா பிரிச்சுக்கிறது அங்க விதி, அதனால நாமளும் ரெண்டு பேருக்கும் சரிபாதி நேரம் கொடுப்போம்னு தமிழையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சோம். லீட் பண்ணது அக்கா. வேற சாதிப் பொண்ணு சரோஜாவைக் கல்யாணம் பண்ணி ஊருக்குக் கூட்டிட்டு வர்ற குமரேசன், அந்த ஊரும் குமரேசனோட அம்மா மாராயியும் அவளை என்ன பாடுபடுத்துறாங்கங்கிறதுதான் கதை. எல்லாரும் நிறைய பேசினோம், மாராயி பேச்சை இங்கிலீஷ்ல கொண்டு வர முடியுமான்னே ஒரு மணி நேரம்.

அன்னிக்கு ஈரோட்டுத் தம்பி வாக்கியம் எடுத்துட்டு வரலை. கேட்டதுக்கு மறந்துட்டேன்னார். கூட்டம் முடியுற வரைக்கும் கையில புத்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசலை. படியில இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்தாங்க, நானும் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அவருக்கு ஃபோன் பண்ணேன். பதினொண்ணு வரைக்கும் பேசினார்.